மண்ணாப்பிளும் நிலப்பேரியும்: ஒரு கிழங்குக்கு ஜெர்மன் வட்டாரங்கள் இட்ட பெயர்கள்



ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில், ஒரு பழைய பூகோள உருண்டை இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர். மார்ட்டின் பெஹைம் என்ற நியூரம்பெர்க் வணிகரின் மேற்பார்வையில் உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்தது. 1492ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலகில் இன்று எஞ்சியிருக்கும் பூகோள உருண்டைகளில் இதுவே மிகப் பழையது. 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றுவிட்டது. இதற்கு வழங்கும் பெயர் 'ஏர்டாப்ஃபெல்'. 'ஏர்ட' என்றால் மண், பூமி. 'ஆப்ஃபெல்' என்றால் ஆப்பிள். பூமி ஆப்பிள்.

இந்த உருண்டையில் அமெரிக்கா இல்லை. கொலம்பஸ் கப்பலேறிய ஆண்டில் செய்யப்பட்டது அல்லவா? ஐரோப்பாவின் மேற்குக் கரைக்கும் ஆசியாவின் கிழக்குக் கரைக்கும் நடுவே கடலும் தீவுகளுமே வரையப்பட்டிருக்கின்றன. இன்று வியன்னாவின் காய்கறிச் சந்தைக்குப் போய் 'ஏர்டாப்ஃபெல்' கேட்டால் உருளைக்கிழங்கை எடைபோட்டுத் தருவார்கள். உருண்டையில் இல்லாத அந்தக் கண்டத்திலிருந்து வந்த கிழங்கு, உருண்டையின் பெயரையே பெற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்குள் எத்தனை காலம் அடுக்கடுக்காகப் படிந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

உருளைக்கிழங்கைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஜெர்மனிலும் அதன் வட்டார வழக்குகளிலும், டச்சு, யித்திஷ் போன்ற உறவு மொழிகளிலும் எடுத்த வடிவங்களே இச்சொற்பொழிவின் பொருள். பள்ளிப் பாடநூல் ஒரே பெயரைத்தான் சொல்லும்: 'கார்டோஃபெல்'. ஆனால் வட்டாரச் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுப் பாடநூல் சொல்லை மட்டும் ஆராய்கிறவருக்கு இந்தக் கிழங்கின் வரலாற்றில் பாதிதான் கிடைக்கும். அறிஞர்களின் தோட்டத்தில் அது வந்திறங்கிய கதை பாடநூல் சொல்லில் இருக்கிறது. வயலிலும் அடுப்படியிலும் அது புகுந்த கதை மற்றச் சொற்களில் இருக்கிறது.

முதலில் அந்த 'ஆப்பிள்'. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆப்பிள் என்பது ஒரு குறிப்பிட்ட பழத்தின் பெயராக மட்டும் இருக்கவில்லை. உருண்டையாக, கைக்கு அடக்கமாக எது இருந்தாலும் அது ஆப்பிள்தான். ஜெர்மனில் மாதுளை 'கிரனாட்டாப்ஃபெல்'. கண்ணின் விழி உருண்டை 'அவ்காப்ஃபெல்', கண்ணாப்பிள். பேரரசர் முடிசூடும்போது கையில் ஏந்தும், சிலுவை பொருத்திய பொன் உருண்டை 'ரைக்ஸ்ஆப்ஃபெல்', அரசாப்பிள். பெஹைமின் உருண்டை ஆப்பிள் ஆனதும் இந்த வழக்கால்தான். ஆரஞ்சுப் பழத்தை டச்சுக்காரர்கள் சீன ஆப்பிள் என்றார்கள். வட ஜெர்மனியில் அது இன்றும் 'ஆப்ஃபெல்சீன'.

அப்படியானால் மண்ணாப்பிள்? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய உயர்ஜெர்மன் சொற்குறிப்புகளில் 'எர்தாஃபுல்' என்ற சொல் இருக்கிறது. மண்ணில் படர்ந்து காய்க்கும் வெள்ளரி, முலாம்பழ வகைகளுக்கும், கிழங்கு வைக்கும் சில மூலிகைச் செடிகளுக்கும் அது வழங்கியது. பழைய ஆங்கிலத்திலும் இதே சொல் உண்டு. எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயை நினைத்து இஸ்ரவேலர் பாலைவனத்தில் ஏங்கும் இடம் விவிலியத்தின் எண்ணாகமத்தில் வருகிறது. அங்கே வெள்ளரிக்குப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் நிற்பது மண்ணாப்பிள்தான். ஆக, உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது மண்ணாப்பிள் என்ற பெயர் புதிதாகக் கட்டப்படவில்லை. ஏற்கெனவே புழங்கிய ஒரு பழஞ்சொல், தனக்கு மிகப் பொருத்தமான பொருளைக் கடைசியாகக் கண்டுகொண்டது.

கிழங்கு எப்போது வந்தது? 1567இல் கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்குச் சில பீப்பாய்கள் அனுப்பப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. 1573இல் ஸ்பெயினின் செவில் நகர மருத்துவமனை ஒன்றின் கணக்கேட்டில் உருளைக்கிழங்கு வாங்கிய செலவு ஏறியிருக்கிறது. ஜெர்மன் மொழிப் பரப்பைப் பொறுத்தவரை முக்கியமான சான்று ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின்–மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு நீர்வண்ண ஓவியம். கிளையும் பூவும், கீழே இரண்டு கிழங்குகளுமாக ஒரு செடி. ஓரத்தில் லத்தீனில் கையெழுத்துக் குறிப்பு: 'தரதூஃப்லி'; பிலிப் த சிவ்ரியிடமிருந்து 1588 ஜனவரி 26இல் வியன்னாவில் பெற்றது; பெருவின் 'பாப்பா'. எழுதியவர் கரோலஸ் க்ளூசியஸ், அக்காலத்தின் தலைசிறந்த தாவரவியலாளர். சிவ்ரி, மோன்ஸ் நகரின் ஆளுநர்.

ஒரே குறிப்பில் இரண்டு பெயர்கள். 'பாப்பா' என்பது ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழிச் சொல். ஸ்பானிய அமெரிக்கா முழுவதும் இன்றுவரை அதுதான் பெயர். கரீபியத் தீவினரின் 'பட்டாட்டா' சர்க்கரைவள்ளிக்கு உரியது. இரண்டும் குழம்பி ஐரோப்பாவின் பல மொழிகளில் பட்டாட்டாவே உருளைக்கும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் இந்த இரண்டையும் பின்பற்றவில்லை. க்ளூசியஸ் முதலில் எழுதிவைத்தாரே, அந்தத் 'தரதூஃப்லி', அதன் வழியில் போனது. 1601இல் அச்சான தம் நூலிலும், இத்தாலியில் கிழங்குக்கு இந்தப் பெயர் வழங்குவதை க்ளூசியஸ் பதிவு செய்கிறார்.

இத்தாலிய 'டார்ட்டூஃபோ' என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான். பெருவிலை பெறும் ட்ரஃபிள். மண்ணைத் தோண்டினால் உருண்டை உருண்டையாகக் கிடைப்பதால், புதுக் கிழங்குக்கும் அதன் பெயரோடு சிறுமை விகுதி சேர்த்து 'டார்ட்டூஃபோலோ' என்றார்கள். அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீனின் 'டெர்ரே', 'டூபெர்' என்ற இரண்டு சொற்கள் கிடைக்கும். மண்ணின் புடைப்பு என்று பொருள். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாமரப் பெயரான மண்ணாப்பிளிலும் மண் இருக்கிறது, அறிஞர் வழி வந்த பெயரிலும் மண் இருக்கிறது. செடியின் பூவையோ இலையையோ சுவையையோ எந்தப் பெயரும் பொருட்படுத்தவில்லை. எங்கிருந்து தோண்டி எடுத்தோம் என்பதுதான் எல்லாருக்கும் பெரிதாகப் பட்டிருக்கிறது.

ஜெர்மனில் அது 'டார்டுஃபெல்' ஆனது. ஒரு சொல்லில் ஒரே ஒலி அடுத்தடுத்த அசைகளில் வந்தால் நா தடுக்கும். இரண்டில் ஒன்றை மாற்றிக்கொள்ளும். லத்தீனில் வழிப்போக்கரைக் குறித்த 'பெரெக்ரீனுஸ்' தன் இரண்டு ரகரங்களில் ஒன்றை லகரமாக்கிக்கொண்டு, ஜெர்மனில் யாத்திரிகரைக் குறிக்கும் 'பில்கர்' ஆனது இப்படித்தான். டார்டுஃபெலில் முதல் டகரம் ககரமானது, கார்டோஃபெல் பிறந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் 1600இலேயே ஒலிவியே த செர் தம் வேளாண்மை நூலில் 'கார்தூஃப்ல்' என்று எழுதியிருப்பதால் இந்தத் திரிபு ஜெர்மனுக்கு மட்டும் உரியதல்ல. டகரம் போனதும் சொல்லுக்குள் இருந்த மண்ணும் காதுக்கு மறைந்துவிட்டது. இன்றைய ஜெர்மானியருக்குக் கார்டோஃபெல் என்பது பிரித்துப் பொருள் காண முடியாத சொல்.

ககர வடிவம் ஒரே நாளில் வென்றுவிடவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1756 மார்ச் 24இல் பிறப்பித்த, 'கார்டோஃபெல் ஆணை' என்று இன்று பெயர்பெற்ற சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். மனிதருக்கும் கால்நடைக்கும் உதவும் இந்தக் கிழங்கைப் பயிரிடச் செய்யுங்கள், பயிரிடும் முறையைக் குடியானவர்களுக்கு விளக்குங்கள், நடுகிறார்களா என்று கண்காணியுங்கள் என்று அதிகாரிகளுக்கு இட்ட உத்தரவு அது. அதில் கிழங்கின் பெயர் டகரத்தோடுதான் இருக்கிறது. 'எனப்படும்' என்ற அடைமொழியையும் கூடவே சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கே பெயர் இன்னும் பழகவில்லை என்பதை அந்த ஓர் அடைமொழி காட்டிக்கொடுக்கிறது. காவலர்களை நிறுத்தி வயலைக் காப்பதுபோல் பாவனை செய்து, குடியானவர்களைத் திருடவைத்து மன்னர் கிழங்கைப் பரப்பினார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அது கதைதான். 1770களின் தொடக்கத்தில் நடு ஐரோப்பாவை வாட்டிய பஞ்சம்தான் கிழங்கை வேகமாகப் பரப்பியது. ஆனாலும் பாட்ஸ்டாமில் உள்ள அவர் கல்லறைமேல் வருகிறவர்கள் இன்றும் பூவோடு உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மன்னரின் ஆணைக்கு நூறாண்டுக்கு முன்பே கிழங்கு சில வயல்களில் இருந்தது. பவேரியாவின் வடகிழக்கு மூலையில் ரேஹாவை அடுத்த பில்க்ராம்ஸ்ரொய்ட் என்ற கிராமத்தில், ஹான்ஸ் ரோக்லர் என்ற விவசாயி 1647இல் பொஹீமியப் பக்கத்திலிருந்து கிழங்கைக் கொண்டுவந்து நட்டார் என்பது பதிவான செய்தி. முப்பதாண்டுப் போர் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. படைகள் தானியக் களஞ்சியத்தைக் கொள்ளையிடும், நின்ற கதிரை மிதித்தழிக்கும். மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி எடுக்க அவர்களுக்கு நேரம் இராது. இத்தகைய ஊர்களில் தாவரவியல் நூலைப் படித்துப் பெயர் வைக்க ஆளில்லை. தமக்குத் தெரிந்த பழத்தின் பெயரை எடுத்து முன்னால் மண்ணைச் சேர்த்தார்கள். ஆப்பிள் என்றவர் மண்ணாப்பிள் என்றார். பேரிக்காய் என்றவர் 'ஏர்ட்பிர்ன' என்றார், மண்பேரி. நிலத்தைக் குறிக்கும் 'குருண்ட்' என்ற சொல்லை எடுத்தவர் 'குருண்ட்பிர்ன' என்றார், நிலப்பேரி.

இங்கே ஆராய்ச்சியாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து இன்னொரு கிழங்கும் வந்து சேர்ந்தது. சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த 'டோபினம்பூர்' அது. வேகவைத்தால் கூனைப்பூவின் சுவை தட்டும் என்பதால் அதை மண்கூனைப்பூ என்ற பொருளில் 'ஏர்ட்ஆர்ட்டிஷோக்க' என்றார்கள். மண்ணாப்பிள், மண்பேரி என்ற பெயர்களும் அதற்கு வழங்கின. ஆகவே அந்த நூற்றாண்டின் பண்ணைக் கணக்கிலோ சமையற் குறிப்பிலோ 'ஏர்டாப்ஃபெல்' என்று கண்டவுடனே உருளைக்கிழங்கு என்று எழுதிவிடக் கூடாது. முந்திக்கொண்டது எந்த ஊர் என்ற போட்டியில் இந்த எச்சரிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெயர்கள் எங்கெங்கே வழங்குகின்றன என்பதை வரைபடமாக்கிய பெருமை மார்பூர்க் பல்கலைக்கழக நகரத்துக்கு உரியது. கியோர்க் வெங்கர் என்பவர் 1876இல் ரைன்லாந்துப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அஞ்சலில் அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் இவற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டதில் தொடங்கிய மரபு அது. அவர் தேடியது ஒலி வேறுபாடு. அதே ஊரில் பிற்காலத்தில் வால்டர் மிட்ஸ்கா சொல் வேறுபாட்டைத் தேடினார். 1939ஐ ஒட்டி அவர் அனுப்பிய வினாத்தாளில் ஏறத்தாழ 200 சொற்கள். மீண்டும் ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர்களே விடை எழுதி அனுப்பினார்கள். அவ்வாறு உருவான ஜெர்மன் சொல் நிலப்படத்தில் உருளைக்கிழங்கின் வரைபடம் வண்ணக் கலவையாகவே இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிழக்குப் பகுதிகளின் ஜெர்மன் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். பல வழக்குகளுக்கு அந்த வினாத்தாள்களே கடைசி விரிவான சாட்சியாகிவிட்டன.

தெற்கிலிருந்து வருவோம். ஆஸ்திரியாவிலும் பவேரியாவின் பெரும்பகுதியிலும் ஏர்டாப்ஃபெல். பேச்சில் அது தேய்ந்து 'எயடப்ஃபே' போன்ற ஒலியில் கேட்கும். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் 'ஹேர்டெப்ஃபல்'. முன்னால் நிற்கும் ஹகரம் பிழையல்ல. அலமானிய வழக்கில் மண்ணுக்கு 'ஹேர்ட்' என்றே பெயர். சுவிஸ் வீடுகளில் மசித்த கிழங்கு 'ஹேர்டெப்ஃபல்ஷ்டாக்'. ஃபிராங்கோனியாவில் மண்பேரி தேய்ந்து 'எப்பியன்' போல ஆகிவிட்டது. அதே வட்டாரத்தின் சில ஊர்களில் பட்டாட்டாவிலிருந்து வந்த 'பொடாக்கன்'. பக்கத்து ஊரில் ஒரு பெயர், இந்த ஊரில் இன்னொன்று.

வடக்கே போனால் தாழ்ஜெர்மன். அங்கே கார்டோஃபெலின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: 'ட்யுஃபெல்', மெக்லென்பூர்க் பக்கம் 'ட்யுஃப்டன்'. பெர்லினுக்கு வடக்கே உக்கர்மார்க்கில் கிழங்குக்கு 'நூடல்' என்று பெயர். வெளியூரார் மாவில் செய்த நூடல்ஸ் என்று நினைத்துக் குழம்புவது வாடிக்கை. கிழக்கு, மேற்குப் பிரஷ்யாவில் அந்த மண்கூனைப்பூ சுருங்கிச் சுருங்கி 'ஷுக்க' ஆகி, பொருளும் மாறி உருளைக்கிழங்கைக் குறித்தது.

எல்லாவற்றிலும் மிகச் செழிப்பான வரலாறு நிலப்பேரிக்குத்தான். ரைன் ஆற்றின் மேற்கே ஃபால்ட்ஸ், ஜார்லாந்து வட்டாரங்களில் அது 'குரும்பேர'. ஒலி எப்படி மாறியது என்பதைப் படிப்படியாகக் காணலாம். 'குருண்ட்பிர்ன'வில் டகரம் முதலில் நழுவியது. பகரத்துக்கு முன் நின்ற னகரம் உதடு கூடும் ஒலியோடு இசைந்து மகரமானது. 'பிர்ன' என்ற பேரி, அந்த வட்டாரப் பேச்சில் 'பேர', 'பியர' என்று ஒலித்தது. பொதுமொழியில் 'பேர' என்றால் சிறுகனி. 'க்ரும்' என்றால் கோணல். ஆகவே வெளியூரார் காதில் 'கோணல் கனி' என்று விழும். அப்படியே பொருள் சொல்வோரும் உண்டு. அது சொல்லின் பிறப்பல்ல, பிற்காலத்துக் காது கற்பித்த பொருள். ஃபால்ட்ஸில் உருளைக்கிழங்குச் சூப்பும் பிளம் பழக் கேக்கும் ஒன்றாக உண்ணும் பழைய உழைப்பாளர் சாப்பாடு இன்றும் 'குரும்பேரசுப்' என்ற பெயரோடுதான் பரிமாறப்படுகிறது. அங்கே விளையும் கிழங்கு 'ஃபெல்ட்ஸர் குரும்பேர' என்ற வட்டாரப் பெயரிலேயே விற்பனைக்குப் போகிறது. அண்டை நாடான லக்சம்பர்க்கில் இச்சொல் 'குரோம்பர்' ஆகி, நாட்டின் அதிகார மொழிகளில் ஒன்றின் அகராதிச் சொல்லாகவே உயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் வட்டாரப் பேச்சு, எல்லைக்கு அந்தப் பக்கம் தேசிய மொழி, சொல் ஒன்றுதான்.

குரும்பேர அந்த நிலத்தோடு நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபால்ட்ஸ் மக்கள் வறுமையாலும் போராலும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிப் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் பேசும் பென்சில்வேனிய ஜெர்மனில் உருளைக்கிழங்கு இன்றும் 'குரும்பேர'தான். அதே நூற்றாண்டில் ஒட்டோமானியர் பின்வாங்கிய டானூப் சமவெளியில் ஹாப்ஸ்பூர்க் அரசு தென்மேற்கு ஜெர்மானியரைக் குடியேற்றியது. பானாட், பாட்ச்கா ஊர்களில் அவர்கள் நட்ட கிழங்கோடு பெயரும் வேர்விட்டது. ஹங்கேரியில் 'க்ரும்ப்ளி', குரோவேஷியாவில் 'க்ரும்பீர்', செர்பியாவிலும் ஸ்லொவேனியாவிலும் 'க்ரொம்பீர்'. இவை அனைத்தும் நிலப்பேரியே. ஆஸ்திரியப் பேச்சுவழக்கும் தென்மேற்குக் குடியேறிகளும் சேர்ந்து பரப்பிய சொல் அது. ஸ்லொவேனிய மொழியில் 'அவனிடம் க்ரொம்பீர் இருக்கிறது' என்றால் அவன் அதிர்ஷ்டக்காரன் என்று பொருள்.

பேரிக்காய் ஃபின்லாந்து வரைக்கும் போயிருக்கிறது. அங்கே உருளைக்கிழங்கு 'பெருனா'. பெரு நாட்டின் பெயர்தான் அது என்று எண்ணத் தோன்றும், இல்லை. ஸ்வீடிஷ் மொழியின் மண்பேரியான 'யூர்ட்பேரோன்' என்பதில் மண்ணை விட்டுவிட்டுப் பேரியை மட்டும் எடுத்துக்கொண்ட வடிவம் அது.

பெயரில் ஊரைப் பொதித்து வைத்த மொழிகளும் உண்டு. செக் மொழியில் உருளைக்கிழங்கு 'பிராம்பொர்'. பிராண்டன்பூர்க் நாட்டுக்குச் செக் மொழி இட்ட 'பிரானிபொர்' என்ற பெயரிலிருந்து பிறந்தது. ஹங்கேரியின் ஏட்டு வழக்குச் சொல்லான 'புர்கொன்யா'வோ பர்கண்டியின் பெயரைச் சுமக்கிறது.

யித்திஷுக்கு வருவோம். ஜெர்மானிய மொழிகளில் ஒன்றான இதைக் கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் பேசினார்கள். ஒரே சமூகம், ஒரே வழிபாடு, ஆனால் கிழங்குக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர்: 'பூல்ப', 'கார்டோஃப்ல்', 'எர்டெப்ல்'. பின்னிரண்டும் ஜெர்மன் வழி வந்தவை. முதலாவது லித்துவேனியா, பெலாரஸ் பக்கத்து வழக்கு. லத்தீனின் 'புல்புஸ்' அண்டை ஸ்லாவிய மொழிகளைத் தொட்டு வந்து சேர்ந்தது. இந்த வழக்குகள் வாழ்ந்த ஊர்களே இரண்டாம் உலகப் போரில் துடைத்தழிக்கப்பட்டன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூரியல் வைன்ரைக் தொடங்கிய ஆய்வு, தப்பிவந்தவர்களைத் தேடிப்பிடித்து மணிக்கணக்கில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்தது. ஊருக்குப் போய்க் கேட்க முடியாத நிலையில் மனிதர்களின் நினைவிலிருந்தே வரைபடம் தீட்டினார்கள். சொல்லாராய்ச்சி எவ்வளவு அவசரமான பணியாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த முயற்சி உணர்த்துகிறது.

டச்சு மொழியில் மண்ணாப்பிள் 'ஆர்டாப்பெல்'. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் போன இடமெல்லாம் இதுவும் போனது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'ஆர்டாப்பெல்'தான். இலங்கையின் கரையோரம் பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1796 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு வழங்கும் 'அர்தாபல்' அந்த ஆட்சியின் மிச்சம். நுவரெலியாவில் விளைந்து கொழும்புச் சந்தைக்கு வரும் கிழங்குக்குச் சிங்கள வியாபாரி சொல்லும் பெயரும், ஆம்ஸ்டர்டாம் கடைக்காரர் சொல்லும் பெயரும் உடன்பிறப்புகள்; வியன்னாவின் ஏர்டாப்ஃபெல் அவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு. இலங்கைத் தமிழும் டச்சுச் சொற்களை வாங்கியிருக்கிறது. அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'கந்தோர்' டச்சு. தமிழகத்திலும் புழங்கும் 'கக்கூசு'ம் டச்சுதான். கிழங்குக்கு மட்டும் அங்கும் தமிழர் உருளைக்கிழங்கு என்றே சொன்னார்கள், சொல்கிறார்கள்.

நெடும்பயணம் போன சொல் இன்னொன்று உண்டு: பிரஷ்யாவின் மண்கூனைப்பூ. மத நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்டு நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் விஸ்டுலா ஆற்றின் கழிமுகத்துக்கு வந்த மென்னோனைட்டுகள், அங்கே உள்ளூர்த் தாழ்ஜெர்மனைத் தம் பேச்சாக்கிக்கொண்டார்கள். 1789இலிருந்து உக்ரைன் புல்வெளிக்கும், 1870களில் கனடாவுக்கும், 1920களில் மெக்சிகோவுக்கும் பராகுவேக்கும், பிறகு பொலிவியாவுக்கும் அவர்கள் பெயர்ந்தார்கள். போன இடமெல்லாம் தம் 'ப்ளவுட்டீச்' மொழியை விடவில்லை. அதில் உருளைக்கிழங்கு 'ஈட்ஷாக்'. கிழங்கின் பிறப்பிடம் ஆண்டிஸ் மலை. பொலிவியாவின் மேட்டுநிலத்தில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய சிற்றூர்களில் அது 'பாப்பா'. அதே நாட்டின் கிழக்குச் சமவெளியில், சாண்டா குரூஸ் பக்கத்து மென்னோனைட் குடியிருப்புகளில் அது 'ஈட்ஷாக்'. கூனைப்பூவின் பெயரையும் பிரஷ்யாவின் தேய்மானத்தையும் ஏற்றிக்கொண்டு, மூன்று கண்டங்களைச் சுற்றி, ஒரு சொல் கிழங்கின் தாய்நாட்டுக்கே குடிவந்திருக்கிறது.

இவ்வளவு பெயர்கள் இருக்க, கார்டோஃபெல் எப்படிப் பொதுச்சொல் ஆனது? பிரஷ்யாவின் நிர்வாக மொழி, அச்சகங்கள், பள்ளிக்கூடம், பிறகு சந்தையும் கடைப் பொட்டலமும் என்று எல்லாம் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தின. ரஷ்யம், டேனிஷ், எஸ்தோனியம், பல்கேரியம் ஆகியவையும் அந்தச் சொல்லையே தத்தம் வடிவில் கடன்வாங்கின. தோற்றவர்கள் எல்லாரும் அடங்கிப் போகவில்லை. 1994இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று ஆஸ்திரியா வாக்கெடுப்புக்குத் தயாரானபோது, தட்டில் இருக்கும் சொல்லையும் பிரசல்ஸ் பறித்துவிடுமோ என்ற அச்சம் மக்களிடம் இருந்தது. அப்போது வியன்னா மேயராக இருந்த ஹெல்முட் ஸில்க்கின் பெயரோடு இணைந்த முழக்கம், உருளைக்கிழங்குச் சாலட் ஏர்டாப்ஃபெல் சாலட்டாகவே நீடிக்கும் என்று உறுதி சொன்னது. ஆஸ்திரியா சேர்ந்தபோது உடன்படிக்கையின் 10ஆம் நெறிமுறையில் 23 ஆஸ்திரிய உணவுச் சொற்கள் பட்டியலிடப்பட்டன. ஜெர்மனியில் வழங்கும் சொற்களுக்கு நிகரான சட்ட மதிப்பு அவற்றுக்கு உண்டு. பாதாமிக்கு 'மரில்ல', தக்காளிக்கு 'பாரடைஸர்' என்பவற்றோடு ஏர்டாப்ஃபெலும் அதில் இருக்கிறது. சமையலறைச் சொற்கள் பன்னாட்டு உடன்படிக்கையில் ஏறியதை வேடிக்கை என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. அது சரியான பார்வையல்ல. நாள்தோறும் உண்ணும் பண்டத்தின் பெயரை விட்டுக்கொடுக்க மறுப்பது, மொழியுரிமையின் மிக இயல்பான வடிவம்.

பொதுச்சொல்லான பிறகு கார்டோஃபெலுக்குப் பொருள்களும் பெருகின. பருத்த மூக்கு கார்டோஃபெல். சட்டைப் பையைப் புடைக்க வைக்கும் பழைய பெரிய கடிகாரம் கார்டோஃபெல். காலுறையில் குதிகால் தெரியும் ஓட்டையும் அதுவே. 1778–79இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பவேரிய வாரிசுரிமைக்காக மோதியபோது பெரிய சண்டை நடக்கவில்லை. படைகள் உணவு தேடியே நாளைக் கழித்ததால் அதற்குக் 'கார்டோஃபெல் போர்' என்று பெயர் வந்தது. ஆஸ்திரியத் தரப்பு அதையே பிளம் பழக் கலவரம் என்றது. மேலிடம் முன்னுக்குப் பின் முரணாக உத்தரவு போட்டால், 'உருளைக்கிழங்குக்குள்ளே போ, உருளைக்கிழங்கை விட்டு வெளியே வா' என்பது வட ஜெர்மன் வழக்கு. போர்ப் பயிற்சியில் வயலுக்குள் இறங்கு என்றும் ஏறு என்றும் மாறி மாறி ஏவப்பட்ட சிப்பாய்களின் அலைச்சலிலிருந்து வந்தது. மடக் குடியானவனுக்குத்தான் மிகப் பெரிய கிழங்கு விளையும் என்ற பழமொழி, உழைப்பில்லாமல் வரும் பேறு பற்றியது.

கடைசியாகச் சேர்ந்த பொருள் மனிதரைக் குறிப்பது. துருக்கி முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் இளைஞர்கள், பரம்பரை ஜெர்மானியரைக் 'கார்டோஃபெல்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். தம்மை மட்டும் எப்போதும் 'புலம்பெயர் பின்புலத்தார்' என்று நீளமாகப் பெயரிட்டு அழைக்கும் சமூகத்துக்கு அவர்களும் ஒரு பெயர் வைத்தார்கள். அது வசையா, கேலியா, நட்பான கிண்டலா என்ற விவாதம் செய்தித்தாள்களில் பலமுறை நடந்திருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த ஊடகவியலாளர்கள் அமைப்பான 'நொய டொய்ச்ச மேடியன்மாகர்', குடியேறிகளைப் பற்றி ஒருதலையாகச் செய்தி தருவதற்காக 2018 முதல் வழங்கும் கண்டனப் பரிசின் பெயர் 'தங்கக் கார்டோஃபெல்'. அதை வாங்க மேடையேறுவதா வேண்டாமா என்பது பெறுகிறவர்களுக்கு எழும் கேள்வி.